விழுந்த இடம் வரைக்கும்

என் தங்கை ஹிலாரியாவின் புருஷன் மெலித்தோன் எனக்குத் தர வேண்டியிருந்தது முன்னூற்று நாற்பது சோல். அவர்கள் வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்கக் கொடுத்த பணம் அது. கொடுத்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நான் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் ஒல்லாந்தாய்தம்போ சந்தையில் என்னைத் தூரத்தில் கண்டால் அவன் வெங்காயக் கடைப் பக்கமாகத் திரும்பிவிடுவான். பழைய சிரிப்பு எங்களுக்குள் இல்லாமல் போனது. அது எனக்குப் பணத்தைவிட உறுத்தியது.

இரண்டு பேருக்கும் பிழைப்பு ஒன்றுதான். இன்கா ராஜாக்கள் போட்ட கல்பாதையில் வெள்ளைக்காரர்களின் கூடாரம், மேஜை, நாற்காலி, சோறாக்கும் சாமான் எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு நாலு நாள் ஏறி இறங்குவது. அவர்கள் மச்சு பிச்சுவின் இடிபாட்டைப் பார்க்கப் போவார்கள். நாங்கள் நாலாம் நாள் விடியுமுன்பே கீழே இறங்கி, கூலியாட்களுக்கான ரயிலைப் பிடிக்க ஓடுவோம். இருபத்தோரு வருஷத்தில் அந்த ஊருக்குள்ளே நான் கால் வைத்தது ஒரே தடவை.

அந்த ஆகஸ்டில் என் இடுப்பு போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியாது. அதற்கு முந்தைய பயணத்தில் முகாமுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவன் நான்தான். மேஸ்திரி செனோபியோ எல்லார் முன்னாலும் சொன்னான்:

"நிக்காசியோ, வெள்ளைக்காரக் கிழவி உனக்கு முன்னாடி வந்து உக்காந்து டீ கேக்கறா. இன்னொரு தடவை இப்பிடின்னா உன் இடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

அடுத்த பயணத்துக்கு மெலித்தோனும் அதே குழுவில் வந்தான். புறப்படும் இடத்தில், சோதனைச் சாவடி வரிசையில், எனக்குப் பக்கத்தில் வந்து நின்று மெல்லுவதற்குக் கோக்கா இலையை நீட்டினான்.

"மச்சான், உங்க இடுப்பு சங்கதி ஹிலாரியா சொன்னா. உங்க பேர்ல என்ன எழுதியிருக்கான்?"

"கேஸ் சிலிண்டர். அப்புறம் சாப்பாட்டுக் கூடாரம்."

"சிலிண்டரை என்கிட்ட தள்ளுங்க. பத்துக் கிலோ. ஒரு நாளைக்கு எண்பத்தஞ்சு சோல்னு வச்சுக்குங்க. நாலு நாள். கடன் தீந்துச்சு."

எண்பத்தைந்து அதிகம்தான், ஏறக்குறைய ஒரு நாள் கூலி. ஆனால் எங்கள் மலையில் பட்ட கடனை முதுகால் தீர்ப்பது புதிதல்ல. நீ என் வயலில் ஒரு நாள் உழுதால் நான் உன் வயலில் ஒரு நாள். பணம் கைமாறாமல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். எனக்கும் முதுகு கெஞ்சியது.

"சரி மாப்ளே" என்றேன்.

சாவடியில் தராசு இருக்கிறது. ஆளுக்கு இருபது கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதென்று சட்டம். ஒவ்வொருவனாக மூட்டையைத் தொங்கவிட்டு எடை போட்டுச் சீட்டில் முத்திரை குத்தினார்கள். எங்கள் இரண்டு மூட்டையும் சுத்தமாக இருபது. தொங்குபாலம் தாண்டி முதல் வளைவில், பாறை மறைவில் மூட்டையை அவிழ்த்தோம். சிலிண்டர் அவனிடம் போனது. அவனுக்கு முப்பது, எனக்குப் பத்து. முகாமுக்குச் சற்று முன்னால் திரும்பவும் மாற்றிக் கட்டிக்கொண்டோம். சமையல்காரன் கைநீட்டியபோது சிலிண்டரை நான்தான் கொடுத்தேன்.

"அட, இன்னிக்கு மாப்பிள்ள மாதிரி வர்றியே நிக்காசியோ" என்றான் செனோபியோ. "புதுசா எவளாச்சும் இடுப்பு அமுக்கி விட்டாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். மெலித்தோன் மற்றவர்களைவிட அதிகமாகச் சிரித்தான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு என் காதில், "எண்பத்தஞ்சு" என்றான்.

இரண்டாம் நாள்தான் பெரிய ஏற்றம். செத்த பெண்ணின் கணவாய் என்று அதற்குப் பேர். காலையிலிருந்தே மேகம் தரையோடு கிடந்தது. பத்துக் கிலோவோடு நான் இளவட்டம் போல ஏறினேன். எனக்குப் பின்னால் அவன் மூச்சு கேட்டுக்கொண்டே வந்தது, ரம்பம் இழுக்கிற மாதிரி. ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தேன். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"கொஞ்ச தூரம் நான் வச்சுக்கறேன், குடு."

"எதுக்கு? கழிக்கறதுக்கா? நடங்க மச்சான்."

நடந்தேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கணவாய் உச்சியில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் இறக்கம் முழுக்கக் கல்படிதான், முழங்கால் உயரப் படிகள். முகாமில் கூடாரம் எழும்பியிருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் எப்போதும் அந்தப் படிகளில் ஓடித்தான் இறங்குவார்கள். டயர் செருப்புப் போட்ட கால்களுக்கு அது பழக்கம். முப்பது கிலோ பழக்கமில்லை. எனக்கு நாலு படி மேலே ஒரு சத்தம் கேட்டது. அவன் என்னைத் தாண்டி உருண்டுபோனான். மூட்டை அவிழ்ந்து, சிலிண்டர் தனியாக மணியடிப்பது போலப் படிப்படியாக விழுந்து ஒரு புதரில் நின்றது.

வலது முழங்கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "நேரம் என்ன?" என்று கேட்டான்.

"பன்னெண்டு இருக்கும். அசையாதே."

செனோபியோ கீழிருந்து ஓடி வந்தான். முதலில் காலைப் பார்த்தான். அப்புறம் சிலிண்டரைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தான். மழைத்துளி விழாமல் தொப்பியால் மறைத்துப் படித்தான்.

"சிலிண்டர் உன் பேர்லதானே நிக்காசியோ இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் தரையில் கிடந்தவன் பேசினான்.

"காலையில மூட்டை கட்டறப்ப நான்தான் மாத்திக் கட்டிட்டேன் மேஸ்திரி. இருட்டுல தெரியல. மச்சானுக்குத் தெரியாது."

செனோபியோ என்னைப் பார்த்தான்.

"தெரியாதா? பத்துக் கிலோ குறைஞ்சது உன் முதுகுக்குத் தெரியலையா?"

மற்ற ஆட்கள் சுற்றி நின்றார்கள். வழியில் பார்த்தவர்கள்தான், எல்லாருக்கும் தெரியும். வேலையைப் பற்றி நான் நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது என்றும் நினைத்தேன். முதலில் நினைத்ததுதான் வாயில் வந்தது.

"தெரியாது" என்றேன்.

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. அந்தப் பதில் அவனுக்கும் வசதி. கம்பெனி கேட்டால் மேஸ்திரி மேல் குற்றம் வராது.

நாலு பேர் மெலித்தோனைக் கம்பளியில் கட்டி, வந்த வழியே கணவாய் தாண்டித் தூக்கிப் போனார்கள். நானும் வருகிறேன் என்றேன். "இடுப்பு செத்தவன் எங்கே தூக்கறது? சிலிண்டரை எடுத்துக்கிட்டு முகாமுக்குப் போ" என்றான் செனோபியோ. எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் ஒரு வெள்ளைக்காரருக்குப் பிறந்த நாள். சமையல்காரன் அந்த கேஸில் கேக் சுட்டான். எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு வந்தது. நான் தின்றேன். பசித்தது.

குஸ்கோ ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குத் தகடு வைத்தார்கள். இனி அது மடங்காது, சுமை தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விபத்துப் பணம் கேட்டு ஹிலாரியா கம்பெனிக்குப் போனாள். சட்டத்துக்கு மேல் சுமந்தது அவனுடைய சொந்தத் தவறு, கூட இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். நான் ஒரு நாள் அந்த ஆபீஸ் வாசல்வரை போனேன். உள்ளே செனோபியோ யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "வர்ற பதினேழாம் தேதி ஒரு குழு இருக்கு, வர்றியா?" என்றான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கடனை விட்டுவிடுவது என்று அதற்குள் முடிவு செய்திருந்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் ஒரு வாரமாக அவர்கள் வீட்டுக்குப் போக நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

ஹிலாரியாவே வந்தாள். காலையில், நான் முற்றத்தில் உருளைக்கிழங்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள்.

"கம்பளிக்கு வளத்த ரெண்டு அல்பாக்காவையும் வித்துட்டேன்."

"எதுக்கும்மா? அந்தக் கடன் வேணாம் ஹிலாரியா. நான் எப்பவோ விட்டுட்டேன்."

"அவர் விடல. ஒண்ணரை நாள் கழிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுத்துட்டு வாடீன்னார். மொத நாள் எண்பத்தஞ்சு. ரெண்டாம் நாள் அரை நாள்தான், விழுந்த இடம் வரைக்கும்."

அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

"தெரியாம மாத்திக் கட்டின மூட்டைக்கு எதுக்கய்யா கூலின்னு கேட்டேன்" என்றாள். "சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்."

அவள் குரல் உயரவில்லை. அழவுமில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நான் கம்பெனியில போய்ச் சொல்றேன்" என்றேன்.

"எப்போ?"

பதினேழாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. ஊரில் யாருக்கு எந்தக் குழு என்பது எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்தேன்.

அவள் குனிந்து, கிழங்குச் சாக்கின் மேல் நோட்டுகளை வைத்தாள். நூறு ஒன்று. ஐம்பது இரண்டு. பத்து ஒன்று. பிறகு நாணயம்: இரண்டு சோல் ஒன்று, அரைச் சோல் ஒன்று. இருநூற்றுப் பன்னிரண்டரை.

"எண்ணிக்குங்க" என்றாள்.

"வேணாம்மா."

"எண்ணுங்க. அப்புறம் குறைஞ்சதுன்னு யாரும் சொல்லக் கூடாது."

எண்ணினேன். சரியாக இருந்தது. சரி என்று சொன்ன பிறகுதான் அவள் போனாள்.