அம்மா இல்லாத கூட்டம்

பல்கலைக்கழகத்தின் பதிவாளரை எல்லோரும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைக் கேட்காமல் அங்கே ஒரு பூட்டுகூடத் திறக்காது. போன மழையில் வெள்ளம் புகுந்தபோது அவர் விமானத்தில் இருந்தார். விடுதிப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, துணைப் பதிவாளர் அவருடைய போனுக்கே அடித்துக்கொண்டிருந்தார். மாடி மண்டபம் பூட்டியபடி கிடந்தது. பிள்ளைகள் பிழைத்ததே பெரும்பாடு.

அதற்குப் பிறகுதான், ஆபத்து நேரத்தில் நிறுவனங்கள் நிலைகுலையாமல் இருக்க வழிசொல்லும் ஆலோசகரை வரவழைத்தார்கள். வயதில் சின்னப் பெண், ஆனால் கறார்ப் பேர்வழி.

இன்று ஒத்திகை. கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஆலோசகர் பதிவாளரிடம் வந்தார்.

“அம்மா, இன்னிக்கு நீங்க செத்துட்டீங்க. ஜன்னலோரமா உக்காருங்க. வாயே திறக்கக் கூடாது.”

“இதுக்கு எத்தன பேரு காத்துக்கிட்டு இருந்தீங்களோ!” என்றார் பதிவாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருக்கு மட்டும் சுருக்கென்றது. அடுத்த வாரம் அவருக்கு இருதய அறுவை சிகிச்சை. மகளைத் தவிர யாருக்கும் தெரியாது. தான் இல்லாமல் இந்த இடம் நிற்குமா என்ற கவலைதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

“தண்ணி விடுதிக்குள்ள வந்தாச்சு. காலையில பரீட்சை. என்ன செய்யப் போறீங்க?” என்றார் ஆலோசகர்.

துணைப் பதிவாளருக்குப் பட்டப்பெயரே ‘கேட்டுச்சொல்றேன்’. பழக்கதோஷம், பாருங்கள், கை தானாகப் போனை எடுத்து அடித்துவிட்டது. ஜன்னலோரம் பதிவாளரின் கைப்பைக்குள் மணி ஒலித்தது.

“எடுத்துராதீங்கம்மா, பயந்துடுவோம்!” என்றார் நூலகர்.

சிரிப்பு பாதியில் நின்றது. துணைப் பதிவாளரின் நெற்றி வேர்த்திருந்தது. பதிவாளரின் கை பையைத் திறக்கத் துடித்தது. பையை இறுகப் பிடித்துக்கொண்டார். மணி அடித்து ஓய்ந்தது.

துணைப் பதிவாளர் தொண்டையைச் செருமினார்.

“பரீட்சையத் தள்ளி வைங்க. பிள்ளைங்கள நூலகத்து மாடிக்கு ஏத்துங்க. பூட்ட உடைச்சாலும் சரி.”

“என் பூட்டையா?” என்றார் நூலகர்.

“உங்க பூட்டத்தான்.”

முடிவு பதிவாளர் கையில் இருந்திருந்தால் பரீட்சையைத் தள்ளாமல் இடத்தை மாற்றியிருப்பார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

ஒத்திகை முடிந்ததும் துணைப் பதிவாளர் நேரே அவரிடம்தான் வந்தார்.

“நான் செஞ்சது சரியாம்மா?”

“நானா இருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பேன்.” துணைப் பதிவாளர் முகம் வாடியது. “அதனால என்ன? பிள்ளைங்க தண்ணியில நிக்கலையே. உக்காருங்க தம்பி. அடுத்த வாரம் எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். திரும்பி வர்ற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும். வராட்டியும்தான்.”

 துணைப் பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆலோசகரிடம் திரும்பினார்.

“நாளைக்கும் வாங்க மேடம். இன்னும் ரெண்டு தடவ செஞ்சு பாக்கணும்.”

பதிவாளர் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். மற்ற நாளெல்லாம் இருட்டிய பிறகே கிளம்புகிறவர்; அப்போது மதியம்தான் ஆகியிருந்தது.