காலமானாராம்

லண்டனில், மிச்சம் என்ற ஊரின் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கனகாம்பிகையின் தம்பி தவபாலனை நிறவெறியர்கள் அடித்துக் கொன்றார்கள். அங்கே புதிதாக நட்டிருந்த நினைவுக்கல்லைப் பார்க்க அவள் மாலையோடு வந்திருந்தாள். கல்லில் இருந்த தமிழ் வரியை வாசித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலமானாராம்! என்ர தம்பி காய்ச்சல் வந்தோ செத்தவன்?"

அந்த வரியை எழுதிக்கொடுத்தவர் நினைவுக்குழுத் தலைவர் கணேசலிங்கம். அவர் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் நாகரிகமாய் இருக்கட்டுமெண்டுதான், தங்கச்சி. இந்தச் சனத்தோடைதானே நாங்கள் சீவிக்கவேணும்."

கனகாம்பிகை மகளின் பக்கம் திரும்பினாள். "தனுஷியா, மேலை இருக்கிற இங்கிலீசை எல்லாருக்கும் கேக்க வாசி."

தனுஷியா உரத்து வாசித்தாள். நிறவெறியரால் கொலை செய்யப்பட்டவர் என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று வெட்டியிருந்தது.

"கேட்டியளோ, அண்ணை? வெள்ளைக்காரனே கொலை எண்டு எழுதிப்போட்டான். உங்களுக்குத்தான் வாய் கூசுது."

கைப்பையிலிருந்த குங்குமத்தை உள்ளங்கையில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். 'காலமானார்' மறையும்படி, அதன்மேல் விரலால் 'கொல்லப்பட்டார்' என்று அழுத்தி எழுதினாள். பிறகுதான் மாலையைப் போட்டாள்.

"மழை வந்தால் அழிஞ்சுபோமே, தங்கச்சி," என்றார் கணேசலிங்கம்.

"அழியட்டும். நான் அடுத்த தெருவிலைதான் இருக்கிறன்."