'செத்த நிறுத்து' பொத்தானுக்கு ஒரு விளக்கம்

1

இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. வேலூரிலிருந்து தணிகாசலம் என்பவர் எழுதியிருந்தார்: "உங்கள் மென்பொருளில் 'செத்த நிறுத்து' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. செத்ததை எதற்கு நிறுத்த வேண்டும்? அது ஏற்கெனவே நின்றுதானே இருக்கும்?"

நியாயமான கேள்வி.

மென்பொருளின் பெயர் 'ஒட்டு'. பேண்டேஜ் பொட்டலங்களுக்கு லேபிள் அச்சடிப்பது. கட்டற்றது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். எழுதியவள் வின்சி, என் மனைவி. கூட நின்றவன் அவள் தம்பி மெல்வின், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான். எங்கள் பக்கம் 'செத்த' என்றால் கொஞ்ச நேரம். லேபிள் சுருள் தீர்ந்தால் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சு கொஞ்சம் நிற்கும். பேசுகிற மாதிரியே பெயர் வைத்தாள். கையேடு எழுதவில்லை. போன வருடம் இறந்துபோனாள்.

(கடைசி வாக்கியம் முதல் வரைவில் ஒரு பத்தியாக இருந்தது. சுருக்கியதில் நஷ்டம் இல்லை.)

2

வேறு தொடக்கம்: இராஜபாளையத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. நான் சன்னலருகே

பெய்யவில்லை. மெல்வின் வந்தான்.

"அத்தான், பேரை மாத்திருவோம். 'இடைநிறுத்து'ன்னு போட்டா சோலி முடிஞ்சது."

"வேண்டாம்லே."

"அப்போ கையேடு எழுதுங்க. ஞாயித்துக்கெழம புதுப் பதிப்பு விடுறேன். அதுக்குள்ள விளக்கம் வரலன்னா அக்கா வச்ச பேரு போயிரும்."

"நீ எழுதேன். உள்ள இருக்கது அம்புட்டும் உனக்குத்தான தெரியும்."

"எல்லாம் தெரியும் அத்தான். அதான் என்னத்த எழுதன்னு தெரியல."

இதைப் பெருமையாகச் சொன்னானா, புலம்பலாகச் சொன்னானா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. வாசகர் நிரப்பிக்கொள்ளலாம்: (          ).

3

கொஞ்சம் கட்டுரை. கையேட்டை யார் எழுத வேண்டும்? செய்தவர் எழுதலாம். ஆனால் அவருக்கு எதுவுமே விளக்கம் தேவைப்படுவதாகத் தோன்றாது. சம்பளமில்லாத வேலை வேறு. ஓய்வு கிடைத்தால் இன்னொரு பொத்தான் செய்யத்தான் கை போகும். தினமும் பயன்படுத்துபவர் எழுதலாம். அதனால் பேண்டேஜ் யூனிட்டில் லேபிள் பார்க்கும் ஈஸ்வரியிடம் போனேன்.

"எழுத என்னண்ணே இருக்கு? அமுக்குனா நிக்கும். திரும்ப அமுக்குனா ஓடும்."

"வேலூர்க்காரருக்குப் புரியலையாம்."

"செத்தன்னா அவரு என்னன்னு நெனச்சாராம்?"

சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.*

* எனக்கும் சிரிப்பு வந்தது. தாமதமாக, பேருந்துக்குள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

4

ஆக, நான். செய்தவனும் இல்லை, பயன்படுத்துபவனும் இல்லை. கணவன் என்பது எந்த மென்பொருளிலும் ஒரு பதவி இல்லை.

எழுதினேன்:

செத்த: சிறிது நேரம். எடுத்துக்காட்டு: "செத்த இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு வின்சி ஸ்கேன் அறைக்குள்

வேறு எடுத்துக்காட்டு:

கிடைக்கவில்லை. கையேட்டை மூடிவிட்டு இந்தக் கதையைத் திறந்தேன். ஒரு வேலையிலிருந்து தப்பிக்க இன்னொரு வேலை. இலக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்று சந்தேகம்.

5

பிறகுதான் தோன்றியது. புரியாதவரே எழுதினால் என்ன? எது புரியவில்லை என்பது அவருக்குத்தானே தெரியும். தணிகாசலத்துக்கு ஃபோன் போட்டு அர்த்தம் சொன்னேன்.

"அட, அவ்ளோதானா சார்? நான் தெனமும் பிரிண்டரையே ஆஃப் பண்ணிட்டிருந்தேனே!"

"விளக்கம் நீங்களே எழுதித் தாங்க."

"தப்பாப் புரிஞ்சிக்கினவன் கிட்டயா கேக்குறீங்க?"

"அதான் தகுதி."

பெயர் வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிறு, ஆராதனை முடிந்து மெல்வின் நேராக வந்தான். தணிகாசலம் அனுப்பியது திரையில் இருந்தது:

"'செத்த' என்றால் கொஞ்ச நேரம். தென்பக்கத்துப் பேச்சு. சுருள் மாற்றும்போது அழுத்துங்கள், அச்சு நிற்கும். மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பயப்படாதீர்கள், யாரும் சாகவில்லை."

மெல்வின் இரண்டு தடவை வாசித்தான்.

"பேரு தப்பிச்சிருச்சு அத்தான்." பிறகு, என்னைப் பார்க்காமல், "கடைசி வரிய மட்டும் எடுத்துருவமா?"

6

முடிவு அ: எடுத்துவிட்டோம். கையேடு இப்போது பிழையில்லாமல் இருக்கிறது.

முடிவு ஆ: மெல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும்

இல்லை.

முடிவு இ: "இருக்கட்டும்லே" என்றேன். பதிப்பு வெளியாகிவிட்டது. அந்த வரி இப்போது எத்தனையோ ஊர்த் திரைகளில் இருக்கிறது.

பிழை என்று நினைக்கிற யாரும் திருத்தலாம், தடை இல்லை. திருத்துபவர் காரணத்தை ஒரு வரியில் எழுதியாக வேண்டும் என்பது மட்டும் விதி. அந்தக் காரணத்தை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதுகிறீர்களா?