கம்பங்களின் பக்கவாட்டில் ஒரு முகம்

அமெரிக்க-மெக்சிகோ எல்லைச் சுவரில் படம் வரைய வேண்டுமானால் மெக்சிகோவின் டிஹுவானா பக்கம்தான் போக வேண்டும். சான் டியாகோ பக்கம் தூரிகையோடு நின்றால் ரோந்து வண்டி வந்துவிடும். கண்காட்சிகளில் என்னைச் சிக்கானா ஓவியர் என்று போடுவார்கள். அதாவது, மெக்சிகோ வம்சாவளி; அமெரிக்காவில், சான் டியாகோவிலேயே பிறந்தும் "எந்த ஊர் நீ?" என்று கேட்கப்படுகிறவள். ஆனாலும் என்னிடம் பாஸ்போர்ட் உண்டு, போய்வரலாம்.

அண்ணன் எஃப்ரைன் கைக்குழந்தையாக அம்மாவின் இடுப்பில் எல்லை தாண்டியவன். அமெரிக்கச் சீருடை போட்டுப் போருக்குப் போனான். திரும்பி வந்து ஒரு போதை வழக்கில் மாட்டினான். சிறை முடிந்ததும், நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று டிஹுவானாவில் கொண்டுபோய் விட்டார்கள். சண்டைக்கு அனுப்பும்போது அது யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும் குடியுரிமை கிடையாது. அங்கே போனால் திரும்ப முடியாது. மகனைப் பார்த்துப் பல வருடமாகிவிட்டது.

அவளுக்காகத்தான் சுவரில் அவன் முகத்தை வரைந்தேன். ஆனால் அது மெக்சிகோவைப் பார்த்த முகம். அம்மா சான் டியாகோ பக்கக் கடற்கரையில் நின்று பார்த்தால் வெறும் துருதான்.

"அவன் மூஞ்சிய அவனுக்கே காட்டவா வரைஞ்ச?" என்றாள். சுருக்கென்றது.

சுவர் என்றால் நெருக்கமாக நட்ட சதுர இரும்புக் கம்பங்கள். இடைவெளிக்குள் கையை விட்டு, கம்பங்களின் பக்கவாட்டில் முகத்தைக் கீற்றுக் கீற்றாக வரையத் தொடங்கினேன். அம்மா நிற்கும் பக்கம் தள்ளிச் சாய்வாக நின்று பார்த்தால் கீற்றுகள் சேர்ந்து முழு முகமாகும். எஃப்ரைன் பெயின்ட் டப்பாவைப் பிடித்திருந்தான்.

"ஒல்லிக்குச்சி, மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடு. அம்மா பயந்துடப் போறா."

"உன் மூக்கு ரெண்டு நாட்டுக்கும் காணும். நான் என்ன பண்ண?"

ஒரு கண் பாக்கி இருக்கும்போது அவனுக்கு நிமோனியா வந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

செத்த பிறகு மறுபடியும் போர்வீரன் ஆகிவிட்டான். ராணுவ மயானத்தில் இடம் உண்டாம், மரியாதை உண்டாம். அவனை உள்ளே விடாத அதே எல்லை வாசல் வழியாகப் பெட்டியை விட்டார்கள். மயானத்தில் ஒரு சிப்பாய் கொடியை மடித்து அம்மா கையில் கொடுத்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான்.

"என்னடி சொல்றான்?"

"நாடு நன்றி சொல்லுதாம்மா."

"எந்த நாடு?"

சில நாள் கழித்து அம்மா சொன்னாள்: "அந்தப் படத்தை அழிச்சிடு. அவன்தான் வந்துட்டானே. இன்னும் எதுக்கு அங்க நிக்கணும்?"

சுரண்டியோடு போனேன். ஒற்றைக் கண்ணோடு இருந்தவனைக் கீற்றுக் கீற்றாகச் சுரண்டும்போது அழுகையை அடக்க முடியவில்லை. கூட வந்தவன் லிசாண்ட்ரோ. அண்ணனின் அறைத்தோழன், அவனைப் போலவே நாடு கடத்தப்பட்ட சிப்பாய்.

"ஊருக்குத் திரும்புற வரிசையில முந்திட்டான் பாரு," என்றான்.

கடைசிக் கம்பமும் வெறுமையானது. லிசாண்ட்ரோ கிளம்பவில்லை. தொப்பியைக் கழற்றி, கையாலேயே தலையை வாரிக்கொண்டான்.

"பெயின்ட் மிச்சம் இருக்கா? அந்த இடத்துல என்னை வரை. எங்கம்மாவும் அந்தப் பக்கம்தான் இருக்கா."