கை பட்ட வாழை

இந்தக் காலத்துச் சனங்களுக்கு வெட்கம் என்பதே இல்லை. புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகவில்லை, விடிந்ததும் விடியாததுமாக ஒரு பொம்பளை வாழைத் தோட்டத்துக்குள் இறங்குகிறாள். பிறகு மரம் வாடாமல் என்ன செய்யும்?

குண்டசாலையில் அரை ஏக்கர் கதலி வாழை வைத்திருந்த பழனியாண்டி, இதை வீதிக்கே கேட்கும்படி மருமகள் தர்ஷனாவிடம் கேட்டார்.

"இனி உள்ள கால வச்சே, கெலிஓயாவுக்கு ஒன் அம்மா வீட்டுக்கே பஸ் ஏத்திருவேன்!"

"இந்த வாழையிலதான் மாமா நம்ம அடுப்பே எரியுது. நான் போகாட்டி யாரு பாப்பா?"

"நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். கண்ணூறு கழிய மீசை வைத்த பொம்மை ஒன்றைக் கட்டி, அதற்குத் தன் பழைய காற்சட்டையையும் மாட்டிவிட்டார். பிறகு கத்தியோடு புறப்பட்டார். வாடிய மரத்தில் ஒரு வெட்டு. பாகு மாதிரி வடிந்ததை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டு, முன்னெச்சரிக்கையாகப் பக்கத்து நல்ல மரத்திலும் ஒரு வெட்டு. இரண்டே மாதத்தில் அவர் வைத்தியம் பார்த்த மரமெல்லாம் வரிசை தவறாமல் சாய்ந்தது. காயை அறுத்தால் உள்ளே கபில நிறம்.

குசினிக்குப் பின்னால் ஆறு மரம் மட்டும் குலை தள்ளி நின்றது. அவை தர்ஷனா நட்டவை. விதவை கை பட்டதென்று பழனியாண்டி அந்தப் பக்கமே போகவில்லை.

தர்ஷனா கூப்பிட்டு, விவசாயப் போதனாசிரியை றமீஸா வந்தாள். தண்டைப் பிளந்து பார்த்தாள்.

"கண்ணூறு ஒண்டுமில்ல ஐயா, இது பற்றீரியா வாடல். நோய் மரத்த வெட்டின கத்தியாலேயே நல்ல மரத்தையும் வெட்டினா தொத்தும். கத்தி ஆருட கையில ஈந்திச்சி?"

பழனியாண்டி கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நான் தொட்டா ஏன் வாடுது? நான் என்னா தாலியறுத்தவனா?"

"மாமி போயி பன்னண்டு வருஷமாச்சு மாமா," என்றாள் தர்ஷனா. "ஒங்கள யாரும் தோட்டத்துக்குள்ள போகாதன்னு சொல்லலியே."

றமீஸா சிரிப்பை அடக்கக் குடையை விரித்துக்கொண்டாள்.

தர்ஷனா அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி, குளோரின் கரைத்த வாளிக்குள் போட்டாள்.

"கத்தி இனி எங்கிட்ட இருக்கட்டும். நீங்க வேலிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. கெலிஓயாவுக்கு நான் போகமாட்டேன்."

பழனியாண்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீதியில் இறங்கி நடந்தார்.

"கத்தியில கிருமியாம். பாத்தா தெரியாதாம். கண்ணுக்கே தெரியாத ஒண்ண நம்புறதுக்கு நான் என்னா மடையனா?"