சுண்டு வாசிக்காத கச்சேரி

கச்சேரி முடிந்த ஆறாம் நாள், சனிக்கிழமை, வயலின் டீச்சர் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து உட்காரவைத்தார்.

"எப்படிப் பயிற்சி பண்ணீங்க, மேடையில என்ன ஆச்சு, இதுல என்ன கத்துக்கிட்டீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. அரை மணி நேரம். இது பரீட்சை இல்ல, மேல பாத்துக்கிட்டு உக்காரவேண்டாம்."

வகுப்பு நடந்தது ஓர் அச்சகத்தின் மாடியில். கீழே இயந்திரம் ஓடினால் தரை லேசாக அதிரும். பென்சிலை வைத்தால் தானாக உருண்டு போகும். அதைப் பிடிக்கிற சாக்கில் குச்சி மூன்று முறை எழுந்தாள். அவளுடைய தாளில் தேதியைத் தவிர ஒன்றும் இல்லை.

வகுப்பில் அவள்தான் உயரம். பதிமூன்று வயதுக்கு அந்த உயரமும், உடம்பில் சதையே இல்லாத வாகும் சேர்ந்து முதல் வாரமே குச்சி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை கச்சேரியில் கடைசியாக வாசித்து, கைதட்டலை அள்ளிக்கொண்டு போனதும் அவள்தான். எழுத அவளிடம்தான் நிறைய இருந்திருக்கவேண்டும்.

பெஞ்சின் அந்த முனையில் சுண்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கச்சேரிக்கே வரவில்லை. டீச்சர் அவள் அருகில் குனிந்து, "நீ எழுதணும்னு இல்லம்மா, சும்மா உக்காந்திரு," என்று சொல்லிப் பார்த்தார். "எழுதறேன் டீச்சர்," என்றவள், ஒரு பக்கம் முடிந்து தாளைத் திருப்பிப்போட்டு எழுதினாள். அவளுடைய அப்பா இறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

குச்சியும் சுண்டுவும் மூன்று வருடமாக ஜோடி. சுண்டுவின் சுண்டுவிரல் மிகவும் சின்னது. மேல் சுரத்தை எட்டிப் பிடிக்க அது படாதபாடு படும். அதனால் வந்த பெயர். ஆளும் அதற்கேற்றபடி குச்சியின் தோளுக்குத்தான் வருவாள். இருவரும் சேர்ந்து நடந்து வந்தால் அச்சகத்துக்காரர், "ஒண்ணும் ஒண்ணரையும் வருது," என்பார்.

இந்த வருடக் கச்சேரிக்கு டீச்சர் அவர்கள் இருவருக்கும் ஓர் இரட்டை வயலின் பாட்டைக் கொடுத்திருந்தார். தாளில் இரண்டு வரிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. மேல் வரிக்குச் சுண்டு, கீழ் வரிக்குக் குச்சி. சுண்டுவிடம் ஒரே ஒரு குறை, அவள் ஓடுவாள். பாட்டு சூடு பிடித்ததும் யாரோ துரத்துவதுபோல முன்னால் போய்விடுவாள். குச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள். முடிந்ததும் சண்டை.

"ஏன்டி ஓடற? பஸ்ஸா போயிடுது?"

"நீ ஏன்டி நிக்கற? வா."

சண்டை படிக்கட்டோடு சரி. கீழ்ப்படியில் சுண்டுவின் அப்பா உட்கார்ந்திருப்பார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். முழங்கைவரை வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், கழுவினாலும் போகாது. வேலை முடிந்து நேராக அங்கே வந்து, வகுப்பு முடியும்வரை படியிலேயே இருந்து கேட்பார். மகள் இறங்கி வரும்போது அவர் முனகிக்கொண்டிருப்பது எப்போதும் கீழ் வரியாக இருக்கும். "உன் பாட்டுதாம்மா எனக்கு வாய்ல வருது. இவ பாட்டைப் பிடிக்க ஓடணும், எனக்கு முட்டி வலி," என்று குச்சியிடம் சொல்வார்.

கச்சேரிக்கு மூன்று மாதம் இருந்தபோது அவர் வருவது நின்றது. குச்சி கேட்டதற்கு, "வெளியூர்ல வேலை," என்றாள் சுண்டு. குச்சி மேலே கேட்கவில்லை. சுண்டு முன்னைவிட அதிகமாக ஓடினாள், சில நாள் வாசிப்பின் நடுவே வேறெங்கோ பார்த்தபடி நின்றாள். குச்சிக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் ஒரு செய்தி சொன்னார். இசைக் கல்லூரியிலிருந்து ஓர் அம்மா கச்சேரி கேட்க வருகிறார். நன்றாக வாசிக்கிற ஒருவருக்கு விடுமுறைப் பயிற்சியில் இடம் கொடுப்பார். குச்சிக்கு அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. அதோடு ஒரு பயமும் வந்தது. ஜோடியாக வாசித்தால், சுண்டு ஓடுவதில் தன்னுடைய வாசிப்பும் கெட்டுவிடும்.

ஒன்றரை மாதம் இருந்தபோது அவள் டீச்சரிடம் போய், தான் தனியாக வாசிப்பதாகச் சொன்னாள். டீச்சர் சிறிது நேரம் வில்லுக்கு ரோசின் பிசின் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அவகிட்ட நீயே சொல்லிடு," என்றார்.

படிக்கட்டில் வைத்துச் சொன்னாள். முதல்நாளே கண்ணாடிமுன் நின்று பழகியிருந்ததால் தடுமாறாமல் வந்தது. "உனக்கும் தனியா ஒரு பாட்டு தருவாங்க. உன் வேகத்துக்கு நீ வாசிக்கலாம். நமக்குள்ள சண்டையும் இருக்காது."

சுண்டு பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "சரி," என்றாள். பிறகு, "அந்த ரெட்டைப் பாட்டு நோட்டு எங்கிட்டயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வச்சுக்கோ. எனக்கெதுக்கு?"

அவ்வளவுதான் பேச்சு. குச்சி எதிர்பார்த்து வந்த அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கழுத்தில் மோவாய்க்கு அடியில் தோல் கறுத்துத் தழும்பாகும்வரை பயிற்சி செய்தாள். மருந்துக்கடையில் வேலைபார்க்கும் அம்மா, சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே வயலின் சத்தம் கேட்கும். ஒருநாள் அம்மா கதவில் சாய்ந்து நின்று, "சுண்டு உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டாள்.

"எதப்பத்தி?"

"ஒண்ணுமில்ல. அவகிட்ட கொஞ்சம் நல்லாப் பேசு."

"நான் நல்லாத்தான்மா பேசறேன்," என்றாள் குச்சி, வில்லை இறக்காமலேயே.

கச்சேரி, ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தில், மாலை ஐந்து மணிக்கு. சுண்டுவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. இரண்டாவது ஆள் முடித்ததும் டீச்சர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு நான்காவது ஆளைக் கூப்பிட்டார். திரைக்குப் பின்னால் நின்ற குச்சிக்கு முதலில் வந்தது கோபம். முறுக்கிக்கொண்டு வராமல் இருந்துவிட்டாள், நம்மைப் பழிவாங்கவேண்டும் என்றே செய்கிறாள் என்று நினைத்தாள். அந்தக் கோபத்தோடேயே மேடையேறினாள். ஒரு சுரம் பிசகவில்லை. கல்லூரி அம்மா தலையை ஆட்டிக் கேட்பதை வாசித்துக்கொண்டே பார்த்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது குச்சி தன் அம்மாவிடம் கச்சேரியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. அம்மா உட்கார்ந்து, அவளையும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சுண்டுவோட அப்பா இன்னைக்கு மத்தியானம் போயிட்டாரும்மா."

"எங்க?" என்று கேட்டுவிட்டாள் குச்சி. கேட்ட பிறகுதான் புரிந்தது.

நுரையீரல். மூன்று மாதமாகப் படுக்கை. மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு சுண்டுவின் அம்மா வாராவாரம் கடைக்கு வந்திருக்கிறாள். சில நாள் சுண்டுவே வந்திருக்கிறாள்.

"உனக்குத் தெரியுமாம்மா? முன்னாடியே தெரியுமா?"

"சீட்டைப் பாத்தா தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"கடையில தெரிஞ்சதக் கடையிலயே விட்டுட்டு வரணும். பன்னண்டு வருஷமா அப்படித்தான் இருக்கேன். இன்னைக்குச் சேதி வந்தது ரெண்டு மணிக்கு. நீ வாசிச்சு முடிச்சிடட்டும்னு இருந்தேன்." அம்மா கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "அது சரியா தப்பான்னு எனக்கே தெரியல."

இரண்டு பஸ் வந்து போயின. அவர்கள் ஏறவில்லை.

மறுநாள் துக்கம் கேட்கப் போனபோது வீடு கொள்ளாத கூட்டம். சுண்டு அத்தையின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். குச்சியைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் சொல்லமுடியும். குச்சி வாசலோரமாகக் கொஞ்சம் நின்றுவிட்டு, அம்மாவோடு திரும்பி வந்தாள்.

இப்போது அச்சகத்தின் மாடியில் அரை மணி நேரம் முடிந்துவிட்டது. டீச்சர் ஒவ்வொருவரையும் எழுந்து படிக்கச் சொன்னார். எப்போதும் கண் சொருகியே இருக்கிறதால் தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியவன் முதலில் எழுந்தான். "முன் வரிசையில் ஒரு மாமா என் பாட்டுக்கு நான்கு கொட்டாவி விட்டார். நான் ஒன்றுகூட விடவில்லை. ஆகவே என் பெயரை மாற்றவேண்டும்," என்று படித்தான். எல்லோரும் சிரித்தார்கள். சுண்டுவும் லேசாகச் சிரித்தாள். இன்னொருத்தி, கை வேர்த்து வில் வழுக்கியதையும், பாதிப் பாட்டு மறந்துபோய் முதல் பாதியையே இரண்டுமுறை வாசித்து ஒப்பேற்றியதையும் எழுதியிருந்தாள். "எனக்குத் தெரியும்," என்றார் டீச்சர்.

குச்சியின் முறை வந்தது. "நான் எழுதல டீச்சர்," என்றாள். டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை.

சுண்டு தானாகவே எழுந்தாள். குரல் தெளிவாக இருந்தது, பாடப்புத்தகம் படிப்பதுபோல.

"நான் மேடையில் வாசிக்கவில்லை. அதனால் பயிற்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தினமும் சாயங்காலம் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். எனக்குக் கொடுத்த தனிப் பாட்டு அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இரட்டைப் பாட்டுதான் வேண்டும் என்றார். அதனால் ஒரு நாள் மேல் வரி வாசித்தேன், ஒரு நாள் கீழ் வரி வாசித்தேன். மேல் வரி வாசித்தால் அப்பா கீழ் வரியை முனகுவார். பாதியில் மூச்சு வாங்கும். அவர் மூச்சு விட்டு முடிக்கும்வரை நான் நிற்பேன். அப்படி நின்று நின்று எனக்கு ஓடுகிற பழக்கம் போய்விட்டது. இதுதான் நான் கற்றுக்கொண்டது. ஜோடியாகத்தான் வாசிக்கப்போகிறோம் என்று அப்பா நினைத்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. உன் ஜோடி ஏன் வரவில்லை என்று கேட்பார். அவளுக்கு வீட்டில் வேலை என்பேன். கச்சேரிக்கு முதல்நாள் ராத்திரி அப்பா, 'அந்த நெட்டைப் பொண்ணு பக்கத்துல நின்னா நீ பயப்படமாட்ட,' என்று சொன்னார். என் ஜோடி மிக நன்றாக வாசித்தாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷம்."

தாளை நான்காக மடித்து டீச்சரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கீழே இயந்திரம் நின்றிருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மற்றவர்கள் போன பிறகும் குச்சி பெட்டியை மூடாமல் நின்றாள்.

"சுண்டு, இப்ப வாசிக்கலாமா? ஒரே ஒரு தடவ. ரெண்டு பேரும்."

சுண்டு யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றே குச்சிக்குத் தோன்றியது. ஆனால் அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து ஸ்டாண்டில் விரித்தாள். ஓரமெல்லாம் மடங்கி, அப்பாவுக்கு எங்கெங்கே மூச்சு வாங்கும் என்று பென்சிலால் சின்னச்சின்னக் கோடுகள் போட்டிருந்தது.

வாசித்தார்கள். சுண்டு ஓடவில்லை. முதல் கோட்டில் நின்றாள். குச்சி நிற்காமல் தாண்டிப் போய், திரும்பி வந்து சேர்ந்துகொண்டாள். இரண்டாவது கோட்டில் சுண்டு இன்னும் கொஞ்சம் அதிகமாக நின்றாள், கண் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம், கட்டில் இருக்கவேண்டிய உயரத்தில் எதையோ பார்த்தபடி. குச்சியும் அங்கே பார்த்தாள். வில் தந்தியில் இழுபட்டுக் கீச்சென்றது.

"போதும்," என்றாள் சுண்டு மெதுவாக. வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து வாசித்தது அதுதான் கடைசி.

மாதக் கடைசியில் சுண்டுவும் அவள் அம்மாவும் வேறு ஊரில் இருக்கும் மாமா வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடாயிற்று. அதற்குள் கல்லூரியிலிருந்து குச்சிக்குக் கடிதம் வந்துவிட்டது, இடம் கிடைத்ததாக. அவளுடைய அப்பா, பேருந்து ஓட்டுகிறவர், அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிப்போ முழுக்கக் காட்டினார். குச்சி அதை இரண்டாம் தடவை படித்துப் பார்க்கவில்லை.

சுண்டு கிளம்புகிற அன்று காலையில் குச்சி அவள் வீட்டுக்குப் போனாள். வேன் வாசலில் நின்றது. மாமா பாத்திர மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சுண்டு வயலின் பெட்டியை மடியில் வைத்து அப்பா படுத்திருந்த கட்டிலின் வெறும் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். கட்டிலையும் ஏற்றவேண்டும், கடைசியாக.

"எனக்குத் தெரியாதுடி," என்றாள் குச்சி. "தெரிஞ்சிருந்தா விட்டிருக்கமாட்டேன்."

"தெரியும்."

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, பாவம்னு வீட்டுக்கு வந்து என்கூட வாசிச்சிருப்ப. அப்பாக்கு அது காதுல தெரிஞ்சிடும்." சுண்டு பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடினாள். "என்னக் கேக்கறதுக்கு முன்னாடியே நீ முடிவு பண்ணிட்ட. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

குச்சி அழுதாள். சுண்டு அவளைத் தொடவும் இல்லை, விலகவும் இல்லை.

"அழாத. அப்பாகிட்ட உன்னப்பத்தி நல்லதாத்தான் சொல்லிவச்சிருக்கேன். தினமும் சொன்னேன். அவருக்கு நீ நல்லவதான்."

மாமா கட்டிலுக்கு வந்துவிட்டார். சுண்டு எழுந்துகொண்டாள். ஒரு பக்கத்தை மாமா பிடித்தார், மறுபக்கத்துக்கு ஆள் இல்லை. குச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பிடித்தாள். கனமாக இருந்தது. வாசல் நிலையில் இடிக்காமல் சாய்த்து, படியிறக்கி, இருவருமாக வேனில் ஏற்றினார்கள்.