சந்துப் பக்கத்துச் சுவர்

கோவிந்தசாமி மாமா தம் வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்டினார். மகளைப் பெண் பார்க்கப் பினாங்கிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. படகுத்துறையிலிருந்து கருங்கல் இழுக்கும் மாட்டுவண்டிகள் அவருடையவை. அதனால் அறையின் செங்கல் சுவர்மேல் படகில் வரும் அந்த உபின் தீவுக் கருங்கல்லையே பலகையாக உடைத்துப் பதிக்கத் தீர்மானித்தார். சிராங்கூன் ரோட்டில் அந்த வரிசையில் வேறு யார் வீட்டிலும் கல் கிடையாது. நான் அவர் வீட்டில் தங்கி, பகலில் வண்டிகளை அனுப்பிவிட்டு, மாலையில் வகுப்புக்குப் போய் ஆங்கிலமும் வரைபடமும் படித்துவந்தேன்.

அறைக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அதன் கோடியில் மருதப்பனின் கொட்டகை. மூன்று பக்கமும் பிறர் சுவர்கள். வெளியே வர அந்தச் சந்து ஒன்றுதான். அவருக்கு இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. அதை வீடு வீடாக ஓட்டிப்போய், வாங்குகிறவர் கண் முன்னால் கறந்து கொடுப்பார். சொம்பில் கொண்டுபோகும் பாலை எங்கள் தெருவில் யாரும் தொடமாட்டார்கள். தண்ணீர் கலந்தது என்பார்கள். மாமா தம் வண்டி மாடுகளைக் கட்ட அந்தக் கொட்டகையைப் பலமுறை கேட்டுப்பார்த்திருக்கிறார். மருதப்பன் கொடுக்கவில்லை.

கடைக்கால் போடும் முன்பே மருதப்பன் ஒரு கயிற்றோடு வந்தார். பசுவின் இடுப்பெலும்பு அகலத்தை அளந்து, அதற்குமேல் அரைச் சாண் விட்டு முடிச்சுப் போட்டிருந்தார்.

"இவ்வளவு இடம் விடணும், கோவிந்தண்ணே. ஏற்கெனவே சினை மாடு."

"விடுறேன்யா. நானும் மாடு வச்சுப் பொழைக்கிறவன்தானே?"

சுவர் எழும்பியதும் மருதப்பன் கயிற்றைச் செங்கலில் வைத்து அளந்தார். சரியாக இருந்தது. மாமாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பசுவுக்குப் பால் வற்றியிருந்தது. கன்று போடும்வரை அது கொட்டகையை விட்டு நகர வேண்டிய தேவையில்லை.

பிறகு கல் வேலை தொடங்கியது. முன்பக்கம் சீனக் கொத்தனார் செங்கலை நனைத்து, சுண்ணாம்புக் கலவை பூசி, ஒவ்வொரு கல்லையும் இரும்புக் கொக்கியால் சுவரோடு பிணைத்தார். முன்பக்கம் முடிந்தபின் சந்துக்குள் நுழைந்தார். அங்கே சுத்தியலை ஓங்க இடமில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்று, மேலிருந்து கயிற்றில் இறங்கும் கற்களை வாங்கி வைத்தார். கலவையும் கல்லின் கனமும் சேர்ந்து சுவர் முக்கால் சாணுக்குமேல் முன்னால் வந்தது. வகுப்பில் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள்: சுவரை அளக்கும்போது மேல்பூச்சையும் சேர்த்து அளக்க வேண்டும். நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று இரண்டு தடவை யோசித்துவிட்டு மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, சந்துப் பக்கம் கல் எதுக்கு? அந்தச் சுவரை யார் பாக்கப்போறாங்க?"

"ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் என்னை அளக்கக் கத்துக்கிட்டியா? போ, வண்டியப் பாரு."

இன்னொன்றும் கண்டேன். சந்துப் பக்கம் கொக்கிகள் இல்லை. கொத்தனாரின் சட்டியில் செம்மண் குழைத்திருந்தது. வெளியே தெரியும் இடுக்குகளில் மட்டும் சுண்ணாம்பு. இது அடிப்பூச்சாக இருக்கலாம் என்று நினைத்தேன். கட்டட வேலை எனக்கு என்ன தெரியும்?

பசு கன்று போட்டது. சீம்பால் ஓய்ந்து, தெருவுக்குப் பால் கொடுக்க வேண்டிய காலை மருதப்பன் பசுவைச் சந்தில் ஓட்டினார். கன்று துள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பசுவின் தலை வந்தது, வயிறு நெருக்கிக்கொண்டு வந்தது, இடுப்பு சிக்கியது. கன்றைப் பார்த்துக் கத்திக்கொண்டே முன்னால் உந்தியது. கல்லின் கூர் விளிம்பு தோலைச் சீவியது. மருதப்பன் ஊர்ந்து அதன் அடியில் புகுந்து, பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுத்து, ஒருவாறு உள்ளே கொண்டுபோனார்.

"கோவிந்தண்ணே! இடம் விடுறேன்னு சொன்னீங்களே!"

மாமா சன்னலில் சாய்ந்து நின்றார். "செங்கலை அளந்துட்டுக் கும்பிட்டுப் போனியே. கல்லை அளக்கறேன்னு சொன்னியா?"

"ரெண்டு வரிசையாவது எடுத்துவிடுங்கண்ணே."

"எடுத்தா சுவரே வந்துரும். ஆகாது."

மருதப்பன் சொம்பில் பால் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மூலை வீட்டு நூருன்னிசா கதவைப் பாதி திறந்து, "மாடு எங்கேங்க?" என்றார். மருதப்பன் நடந்ததைச் சொன்னார். "சந்துல சிக்கிக்கிச்சா! தண்ணி ஊத்த நல்ல கதைதான்," என்று சாத்திக்கொண்டார். மற்ற வீடுகளிலும் அதுவேதான். வாரக் கடைசியில் பாலைக் கால்வாயில் கொட்டுவதைப் பார்த்தேன். காசு கிடைக்காததால் புல்லுக்காரனும் வருவதை நிறுத்தினான்.

நான் கொட்டகைக்குப் போனேன்.

"அண்ணே, அந்தக் கல்லெல்லாம் மண்ணுலதான் நிக்குதுன்னு நினைக்கிறேன். தட்டினா வந்துரும்."

"நினைக்கிறியா, பாத்தியா?"

"சட்டியில மண்ணைப் பாத்தேன். உள்ள சுண்ணாம்பும் இருந்துச்சோ என்னமோ."

மருதப்பன் ஒரு கல்லில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. ஓங்கி அடிக்கக் கையை மடக்க இடமில்லை. சன்னலில் மாமாவின் தலை தெரிந்தது.

"என் கல்லுல கை வச்சா போலீசு மாத்தா மாத்தாவைக் கூப்பிடுவேன், மருதப்பா. வீட்டை இடிச்சான்னு உள்ள தள்ளுவாங்க."

மருதப்பன் கையை எடுத்துக்கொண்டார். "உனக்கே நிச்சயமில்ல, தம்பி. உன் பேச்சைக் கேட்டு நான் செயிலுக்குப் போகவா?" என்றார். அது நியாயம்தான்.

புல் தின்னாத பசு நாளுக்கு நாள் வற்றியது. ஆனால் இடுப்பெலும்பு வற்றுமா? அதே அகலத்தில் தோலுக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. கடைசியில் மருதப்பனே மாமாவிடம் வந்தார். கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டுக்குத் தீனி மட்டும் போடுங்கள் என்றார்.

"வெளிய வராத மாட்டுக்கு நான் ஏன் தீனி போடணும்? மாட்டையும் சேத்து எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார்.

மறுநாளே கொத்தனார் வந்தார். சந்து வாயிலில் இருந்த முதல் கல்லின் இடுக்கில் உளியை வைத்து ஒரு தட்டு. கல் கையோடு வந்தது. பின்னால் ஈரம் காயாத செம்மண். அடுத்தடுத்தவையும் அப்படியே. மதியத்துக்குள் சந்துப் பக்கம் வெறும் செங்கலாகிவிட்டது. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை.

மாமா வண்டி மாடுகளை உள்ளே ஓட்டச்சொன்னார். அதற்கு முன் செவலை வெளியே வர வேண்டும். அது வேறு யார் பிடித்தாலும் வரவில்லை, மருதப்பனைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"கறக்கவும் நீயே வந்துரு," என்றார் மாமா. "வேற கைக்குக் குடுக்காதாம். கூலி தர்றேன்."

மருதப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அகன்ற சந்தில் பசு இரண்டு பக்கமும் இடம் விட்டு வந்தது. ஆனாலும் முன்பு சிக்கியதை மறக்காமல், இடுப்பை ஒருக்களித்துக்கொண்டே வந்தது. வாசலில், கழற்றிய கற்களைப் படிக்கட்டுக்காக அடுக்கியிருந்தார்கள்.

"பாத்து ஓட்டு மருதப்பா," என்று மாமா கத்தினார். "கல்லுல சாணி பட்டுறப்போவுது. பினாங்குக்காரங்க நாளைக்கு வர்றாங்க."

மருதப்பன் தம் தோள்துண்டை எடுத்து அந்தக் கற்களின்மேல் விரித்துவிட்டுப் பசுவை ஓட்டிச்சென்றார்.